அமுக்குவான் பேயிடம் அகப்பட்ட விடுதிப் பிள்ளைகளுக்கு



விடுதிக் கட்டிலில் மல்லாக்கப் படுத்துத் தூங்கும்போது திடீரென்று விழிப்பு வந்து, மின்விசிறி சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்து, ஆனால் விரல் நுனியைக்கூட அசைக்க முடியாமல் கிடந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் மூச்சு முட்டியவர்களுக்கு. அம்மா என்று அலறியும் சத்தம் தொண்டையைத் தாண்டாதவர்களுக்கு. மறுநாள் சொன்னால் சிரிப்பார்கள் என்று அதை அப்படியே விழுங்கிவிட்டவர்களுக்கு.

எனக்கு அது இரண்டாம் ஆண்டு செமஸ்டர் தேர்வின்போது வந்தது. இரண்டு இரவு கண்விழித்துப் படித்து, தேர்வை எழுதிவிட்டு, மெஸ்ஸில் சாப்பிட்ட கையோடு வந்து கட்டிலில் விழுந்தேன். விழித்தபோது நல்ல வெளிச்சம். அறை நண்பன் மூன்றடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு படம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முதுகும் சட்டைக் காலரும் தெளிவாகத் தெரிந்தன. அலமாரிக்குப் பக்கத்தில் கறுப்பாக ஏதோ நின்றது. அதற்கு முகம் இல்லை. ஆனால் என்னைப் பார்க்கிறது என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்தது. நண்பன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவன் திரும்பவே இல்லை. ஒரு யுகம் போனதுபோல் இருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது அப்பத்தாவிடம் மட்டும் சொன்னேன். "அமுக்குவான்டா அது" என்றாள், கொசு கடித்ததைச் சொல்வதுபோல. கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தைப் போட்டாள். நெற்றியில் திருநீறு பூசினாள். "மல்லாக்கப் படுக்காத, ஒருக்களிச்சுப் படு. ராத்திரி முழிக்காத" என்றாள். துடைப்பத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. கடைசியாகச் சொன்ன இரண்டும் இன்றைக்கு எந்தத் தூக்க மருத்துவரைக் கேட்டாலும் கிடைக்கிற அறிவுரை. பேய் என்று பெயர் வைத்தவர்கள், அது யாருக்கு எப்போது வருகிறது என்பதைச் சரியாகவே கவனித்திருக்கிறார்கள்.

ஜப்பானியர் இதைக் கனாஷிபாரி என்கிறார்கள், கட்டிப்போடப்பட்ட நிலை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மீனவக் கிராமங்களில் நெஞ்சின் மேல் உட்காருவது ஒரு கிழவி. 1781இல் ஃபியூசெலி என்ற ஓவியர், உறங்கும் பெண்ணின் மார்பில் ஒரு குட்டிச்சாத்தான் குந்தியிருப்பதுபோல வரைந்த ஓவியம் இன்றும் புகழோடு இருக்கிறது. 35 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளிவந்த கணக்கின்படி, பொதுமக்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது நேர்ந்திருக்கிறது. மாணவர்களில் 28 சதவீதம். ஆக, உங்கள் தாழ்வாரத்தில் நாலு பேரில் ஒருவருக்கு இந்தக் கதை தெரியும். அந்த ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்.

இனி, கட்டிலில் என்னதான் நடந்தது?

தூக்கம் என்பது மின்விசிறியின் ரெகுலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக் குறைப்பது மாதிரி என்றுதான் நாம் நினைக்கிறோம். ஐந்து, நான்கு, மூன்று, பிறகு நின்றுவிட்டது. கண் செருகி, தலை சாய்ந்து, மெல்ல மெல்ல மூழ்குவதாகத்தானே உணர்கிறோம்? மூளைக்குள் இருப்பது ரெகுலேட்டர் அல்ல, சுவிட்ச். நீங்கள் பொறியியல் படிப்பவராக இருந்தால் டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் தாளில் எஸ்.ஆர். ஃப்ளிப்-ஃப்ளாப் வரைந்திருப்பீர்கள். இரண்டு நார் கேட்டுகள். ஒன்றின் வெளியீடு மற்றதன் வாயைப் பொத்துகிறது. இது பேசினால் அது மௌனம், அது பேசினால் இது மௌனம். நடுநிலை என்று ஒன்று நிலைக்காது. அந்தச் சுற்றுக்கு எக்கிள்ஸ், ஜோர்டான் என்ற இரு ஆங்கிலேயர்கள் 1918இல் காப்புரிமை கேட்டார்கள்.

அதற்கு ஓராண்டு முன்னால், 1917இல், வியன்னாவில் கான்ஸ்டன்டின் ஃபான் எகானமோ என்ற நரம்பியல் மருத்துவர் ஒரு விசித்திரமான காய்ச்சலைப் பற்றி எழுதினார். அந்தக் காய்ச்சல் கண்ட நோயாளிகளில் பலர் தூங்கிக்கொண்டே இருந்தார்கள். வாயில் சோறு இருக்கும்போதே உறங்கிப்போனார்கள். வேறு சிலருக்கோ நேரெதிர். கண்ணை மூடவே முடியவில்லை. ஒரே நோய், இரண்டு எதிர்த்திசைகள். இறந்தவர்களின் மூளைகளை அறுத்துப் பார்த்த எகானமோ ஒன்றைக் கண்டார். தூங்கியே கிடந்தவர்களுக்கு ஹைப்போதலாமஸ் என்ற மூளைப்பகுதியின் பின்பக்கமும் அது நடுமூளையோடு சேரும் இடமும் பழுதாகியிருந்தன. தூங்க முடியாதவர்களுக்கு ஹைப்போதலாமஸின் முன்பகுதி. அப்படியானால் முன்னால் இருப்பது தூங்கவைக்கும் இடம், பின்னால் இருப்பது விழிக்கவைக்கும் இடம். நுண்ணோக்கியும் பிணவறையும் தவிர வேறொன்றும் கையில் இல்லாத காலத்தில் ஒரு மனிதர் இவ்வளவு தூரம் போனார். அவர் 1931இல் இறந்தபோது அந்த இடத்தில் இருக்கும் நரம்பணுக்களின் பெயர்கூட யாருக்கும் தெரியாது.

1996இல்தான் ஹார்வர்டில் கிளிஃபர்ட் சேப்பரின் குழு, ஹைப்போதலாமஸின் முன்பகுதியில் தூங்கும்போது மட்டும் சுறுசுறுப்பாகும் ஒரு சிறு நரம்பணுக் கூட்டத்தை எலிகளில் அடையாளம் காட்டியது. அவை காபா, கலானின் என்ற இரண்டு அடக்கும் வேதிப்பொருள்களைச் சுரந்து, விழிப்பைக் காக்கும் நரம்பணுக்களின் வாயைப் பொத்துகின்றன. விழிப்பணுக்களும் சும்மா இல்லை. நார்-அட்ரினலினையும் செரடோனினையும் கொண்டு அவை தூக்க அணுக்களின் வாயைப் பொத்துகின்றன. உங்கள் பாடநூலில் உள்ள அதே படம். 2001இல் சேப்பரும் அவர் கூட்டாளிகளும் இதற்கு ஃப்ளிப்-ஃப்ளாப் என்றே பெயர் வைத்தார்கள்.

இயற்கை ஏன் ரெகுலேட்டரை விட்டுவிட்டுச் சுவிட்சைத் தேர்ந்தெடுத்தது என்பதற்குப் பெரிய தத்துவம் வேண்டாம். அரைத்தூக்கத்தில் மரத்தில் ஏறும் குரங்கு எத்தனை நாள் உயிரோடு இருக்கும்? விழித்தால் முழுதாக விழிக்க வேண்டும்.

சுவிட்சின் ஒரு பக்கம் தேய்ந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். எலிகளில் அந்தத் தூக்க அணுக்களை அழித்தபோது தூக்கம் பாதிக்கு மேல் குறைந்தது. வயதானவர்களின் மூளைகளை இறப்புக்குப் பின் ஆராய்ந்து 2014இல் சேப்பரின் குழுவினர் வெளியிட்ட முடிவு அதைவிட மனத்தைத் தொடுவது. மனிதரில் அதே வேலையைச் செய்யும் கலானின் நரம்பணுக்கள் யாருக்குக் குறைவாக இருந்தனவோ, அவர்கள் உயிரோடிருந்தபோது தூங்கிய தூக்கம் துண்டு துண்டாக இருந்திருக்கிறது. ராத்திரி நாலு முறை எழுந்து திண்ணையில் உட்காரும் தாத்தாவை இனி "பகலில் தூங்காதீங்க, ராத்திரி தூக்கம் வரும்" என்று அதட்டாதீர்கள்.

இதுவரை சொன்னது முதல் சுவிட்ச். உங்களை அமுக்கியது இரண்டாவது சுவிட்ச்.

தூக்கம் ஒற்றைப் பொருள் அல்ல என்று உலகம் அறிந்தது 1953இல். சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த யூஜின் அசெரின்ஸ்கி, தன் எட்டு வயது மகனின் கண்களுக்கருகே மின்முனைகளை ஒட்டித் தூங்கவைத்தார். நடுராத்திரியில் வரைவி முள் பேயாட்டம் ஆடியது. பையன் விழித்துவிட்டான் என்று நினைத்துப் போய்ப் பார்த்தால் அயர்ந்து தூங்குகிறான். மூடிய இமைக்குள் கண் மட்டும் இங்குமங்கும் ஓடுகிறது. இயந்திரக் கோளாறு என்றுதான் முதலில் அவருக்குத் தோன்றியது. அவரும் அவருடைய பேராசிரியர் நத்தானியேல் கிளைட்மனும் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் ரெம் தூக்கம் என்ற கருத்து உலகெங்கும் பரவியது. நான் அதைக் கனவுத் தூக்கம் என்றே எழுதப்போகிறேன். கனவு மற்ற நேரங்களிலும் வரும் என்றாலும், கதையும் படமுமாக நீளும் கனவுகளின் சொந்த ஊர் அதுதான்.

நம் தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் முதலில் லேசான தூக்கம், பிறகு மூளையலைகள் பெருத்து மெதுவாகும் ஆழ்தூக்கம், கடைசியில் கனவுத் தூக்கம். முன்னிரவில் ஆழ்தூக்கம் அதிகம். விடியலை நெருங்க நெருங்கக் கனவுத் தூக்கம் நீளும். லேசான தூக்கத்துக்கும் ஆழ்தூக்கத்துக்கும் இடையிலான நகர்வு சுவிட்ச் தட்டியதுபோல வெடுக்கென்று நடப்பதில்லை. அங்கே தலாமஸும் மூளைப் புறணியும் சேர்ந்து தாளத்தை மெல்ல மாற்றுகின்றன. எலிகளில் அந்த நேரத்தில் நார்-அட்ரினலின் அளவு ஏறத்தாழ 50 விநாடிக்கு ஒரு முறை அலைபோல ஏறி இறங்குவதை அண்மை ஆண்டுகளில் பார்த்திருக்கிறார்கள். ஏறும்போது மூளை சற்றே கண்விழித்து, சத்தம் ஏதும் உண்டா என்று காதைத் தீட்டிக்கொள்கிறது. இறங்கும்போது மறுபடி ஆழ்கிறது. இரவுக் காவலர் விசில் ஊதிக்கொண்டே தெருவைச் சுற்றி வருவதைப்போல.

கனவுத் தூக்கத்துக்குள் நுழைவது அப்படி அல்ல. அது மறுபடியும் சுவிட்ச்.

பிரான்ஸின் லியோன் நகரில் மிஷெல் ஜூவே 1950களின் இறுதியில் பூனைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். கனவுத் தூக்கத்தில் பூனையின் மூளையலை விழித்திருக்கும் பூனையுடையதுபோலவே இருந்தது. உடலோ துணியாகத் தொய்ந்து கிடந்தது. கழுத்துத் தசையில் துடிப்பே இல்லை. இந்த முரணைப் பார்த்து அதற்கு முரண் தூக்கம் என்று பெயர் வைத்தார். பிறகு மூளைத்தண்டில் பான்ஸ் என்ற பகுதியின் ஒரு சிறு இடத்தைச் சிதைத்துப் பார்த்தார். அப்போது கனவுத் தூக்கம் வந்தது, தசைத் தளர்வு மட்டும் வரவில்லை. அந்தப் பூனைகள் உறங்கிக்கொண்டே எழுந்தன. கண்ணெதிரே இல்லாத இரையை நோக்கிப் பதுங்கின, பாய்ந்தன. உணவைப் பக்கத்தில் வைத்தால் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தச் சோதனையை விலங்குகள் மேல் அன்பு உள்ளவர்கள் இன்று படிக்கும்போது சங்கடப்படுவார்கள், எனக்கும் சங்கடம்தான். ஆனாலும் அதிலிருந்து கிடைத்த அறிவு பெரிது. கனவு காணும்போது உடல் ஓய்ந்து கிடப்பதற்குக் களைப்பு காரணமல்ல, அது வேண்டுமென்றே பூட்டப்படுகிறது.

பூட்டு இப்படி வேலை செய்கிறது. பான்ஸில் உள்ள ஒரு நரம்பணுக் கூட்டம் கீழ்நோக்கி முகுளத்துக்கும் தண்டுவடத்துக்கும் செய்தி அனுப்புகிறது. அங்கே கிளைசின், காபா என்ற இரண்டு அடக்கும் வேதிப்பொருள்கள் வெளிப்பட்டு, கைகால் தசைகளை இயக்கும் நரம்பணுக்களை வாயடைக்கின்றன. கண் தசைகளும் உதரவிதானமும் மட்டும் விலக்கு. அதனால்தான் கனவில் கண் ஓடுகிறது, மூச்சு நிற்பதில்லை.

இந்தக் கனவு அணுக்களுக்கு எதிராளிகள் உண்டு. அவையும் மூளைத்தண்டிலேயே, சற்று மேலே இருக்கின்றன. மறுபடியும் ஒருவர் வாயை ஒருவர் பொத்தும் கதை. இதை 2006இல் சேப்பரின் குழு நேச்சர் இதழில் விளக்கியது. ஆழ்தூக்கம் நீள நீள, நார்-அட்ரினலினும் செரடோனினும் தேய்ந்துகொண்டே வரும். அவைதான் கனவை எதிர்க்கும் கட்சியின் படைபலம். அவை கிட்டத்தட்ட வற்றியதும் தராசு படீரென்று மறுபக்கம் சாய்கிறது.

இங்கேதான் இயற்கையின் கெட்டிக்காரத்தனம். முதல் சுவிட்சில் விழிப்பைக் காக்கிற அதே வேதிப்பொருள்கள்தாம் இரண்டாவது சுவிட்சில் கனவைத் தடுக்கின்றன. அதனால் விழிப்பிலிருந்து நேரே கனவுத் தூக்கத்துக்குப் போக வழக்கமாக வழி கிடையாது. முதலில் ஆழ்தூக்கம் என்ற முன்வாசல். அதைத் தாண்டித்தான் உள்ளறை. இது எழுதிவைத்த சட்டமல்ல, கம்பி இழுத்த முறையிலேயே அமைந்தது.

இந்தச் சுவிட்சுகளை வெளியிலிருந்து தட்டிப் பார்த்தவர்களும் உண்டு. 2007இல் ஸ்டான்ஃபோர்டில் சுண்டெலிகளின் குறிப்பிட்ட நரம்பணுக்களை மட்டும் ஒளியால் தூண்டி, தூக்கத்திலிருந்து விழிக்கவைத்தார்கள். 2015இல் பெர்க்லியில் யாங் டானின் குழு, முகுளத்தில் உள்ள சில காபா நரம்பணுக்கள் மேல் ஒளி பாய்ச்சியதும், ஆழ்தூக்கத்திலிருந்த எலி கனவுத் தூக்கத்துக்குத் தாவியது. விழித்திருக்கும்போது அதே ஒளியைப் பாய்ச்சினால்? எலி சாப்பிடத் தொடங்கியது. மூளையில் எந்த அணுவும் ஒரே வேலைக்கு மட்டும் சம்பளம் வாங்குவதில்லை. சேப்பரின் வரைபடம் முழுக்கதை அல்ல என்பதையும் இப்படிப்பட்ட சோதனைகள்தான் காட்டின. சுவிட்சைத் தட்ட வெவ்வேறு இடங்களிலிருந்து கைகள் நீள்கின்றன.

சுவிட்சுக்கு ஒரு குறை உண்டு. இரண்டு பக்கமும் சம பலத்தில் இருந்தால் சின்ன உதறலுக்கே இங்கும் அங்கும் மாறும். அதைத் தடுக்க ஒரு விரல் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அந்த விரல் 1998இல் கிடைத்தது. டெக்சஸில் யானகிசாவா, சகுராய் குழுவும், கலிஃபோர்னியாவில் டி லெசியா, சட்க்ளிஃப் குழுவும் தனித்தனியாக ஒரே வேதிப்பொருளைக் கண்டுபிடித்தன. முன்னவர்கள் அது பசியோடு தொடர்புடையது என்று நினைத்து, பசி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஓரெக்ஸின் என்று பெயரிட்டார்கள். மற்றவர்கள் வைத்த பெயர் ஹைப்போக்ரெட்டின். மறுவருடமே ஸ்டான்ஃபோர்டில் எம்மானுவேல் மிக்னோ, பிறவியிலேயே தூக்க நோயுள்ள டோபர்மேன் நாய்களில் அந்த ஓரெக்ஸினை வாங்கும் ஏற்பி பழுதாகியிருப்பதைக் காட்டினார். அந்த நாய்களுக்குப் பிடித்த தீனியை நீட்டினால், மகிழ்ச்சியில் முழங்கால் மடங்கிச் சரிந்துவிடும்.

இதைப் படித்தபோது எனக்குப் பள்ளிக்கூடத்து ஞாபகம் வந்தது. எங்கள் வகுப்பில் ஒருவன் முதல் பீரியடிலேயே தூங்குவான். நின்றுகொண்டே தூங்குவான். கும்பகர்ணன் என்று கூப்பிட்டோம். வாத்தியார் பெஞ்சு மேல் ஏற்றி நிற்கவைத்தார். இன்னொன்றும் இருந்தது. நன்றாகச் சிரிக்கவைத்தால் அவன் தாடை தொங்கும், கால் துவளும், சுவரைப் பிடித்துக்கொண்டு சரிவான். நினைவு தப்பாது. எங்களுக்கு அது வேடிக்கை. அவனைச் சிரிக்கவைக்கவே ஜோக் சேகரித்துக்கொண்டு போவோம். முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் ஒரு நரம்பியல் மருத்துவர் அவனுக்கு நார்கோலெப்சி என்று பெயர் சொன்னார். ஏறத்தாழ இரண்டாயிரம் பேரில் ஒருவருக்கு வருவது. மனித மூளையின் 8,600 கோடி நரம்பணுக்களில் ஓரெக்ஸின் சுரப்பவை வெறும் 70,000 அளவில்தான். அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு இந்த நோயாளிகளிடம் அழிந்துபோயிருப்பதை 2000இல் இரண்டு குழுக்கள் கண்டன. விரல் எடுபட்ட சுவிட்ச். விழிப்பிலிருந்து முன்வாசலைத் தாண்டாமலே உள்ளறைக்குள் விழுகிறார்கள். சிரிப்பு வரும்போது, விழித்திருக்கையிலேயே கனவுத் தூக்கத்தின் பூட்டு மட்டும் வந்து விழுகிறது. எகானமோ 1917க்குப் பிறகான தன் ஆய்வுகளில், நார்கோலெப்சியின் வேர் ஹைப்போதலாமஸின் பின்பகுதியில்தான் இருக்கும் என்று கருதியிருந்தார். ஓரெக்ஸின் அணுக்கள் இருப்பது அங்கேதான்.

என் நண்பனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்தான், அப்போதும் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

இனி உங்கள் கட்டிலுக்கு வருவோம். இரண்டு நாள் தூக்கம் பாக்கி வைத்துவிட்டு, அகால நேரத்தில் படுக்கிறீர்கள். கனவுத் தூக்கத்துக்கான கடனும் சேர்ந்திருக்கிறது. மூளை வழக்கமான வரிசையைத் தவறவிட்டு, சீக்கிரமே உள்ளறைக்குள் நுழைந்துவிடுகிறது. 1992இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைச் சோதனைக்கூடத்திலேயே வரவழைத்துக் காட்டினார்கள். ஆரோக்கியமானவர்களை இரவில் எழுப்பிவிட்டு மறுபடி தூங்கவைத்து, தூங்கிய உடனே கனவுத் தூக்கம் வரும்படி செய்தபோது சிலருக்கு அமுக்கல் வந்தது. கருவிகளில் பதிவானது ஒரு கலப்படம்: மூளையலையில் விழிப்பின் சாயல், தசையில் கனவின் பூட்டு. இரண்டு ஃப்ளிப்-ஃப்ளாப்புகளில் ஒன்று மாறிவிட்டது, மற்றது மாறத் தாமதிக்கிறது. அந்த இடைவெளியில் நீங்கள் கண்ணைத் திறந்துவிட்டீர்கள்.

நெஞ்சில் யார் உட்கார்ந்தது? கனவுத் தூக்கத்தில் விலாத் தசைகளும் பூட்டப்பட்டிருக்கும். உதரவிதானம் மட்டும் தன்பாட்டுக்கு மூச்சை இழுக்கும். பயத்தில் நீங்கள் ஆழமாக மூச்சிழுக்க முயல்கிறீர்கள். தசை கேட்க மறுக்கிறது. அந்த மறுப்பு பாரமாக உணரப்படுகிறது. காற்று போதாமல் இல்லை. மூச்சு நின்று சாகப்போகிறோம் என்று உங்களுக்குத் தோன்றிய அந்த நேரத்திலும் மூச்சு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அலமாரிப் பக்கம் நின்றது யார்? அச்சத்தைக் கையாளும் அமிக்டாலா என்ற பகுதி கனவுத் தூக்கத்தில் விறுவிறுப்பாக இயங்குவது 1990களிலிருந்தே தெரியும். 2022இல் ஜப்பானின் சுக்குபா பல்கலைக்கழகத்தில் சகுராயின் குழு இன்னும் ஒரு படி போனது. எலிகளின் அமிக்டாலாவில் டோபமைன் ஒரு துள்ளல் துள்ளிய பிறகுதான் கனவுத் தூக்கம் தொடங்குகிறது என்று காட்டியது. ஆபத்து, ஆபத்து என்று மணி அடிக்கிற இடம் விழித்திருக்கும் கண்ணுக்குப் பின்னால் அடித்துக்கொண்டே இருந்தால், மூளை அந்த ஆபத்துக்கு ஓர் உருவம் கொடுத்துவிடுகிறது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. நியூஃபவுண்ட்லாந்தில் அது கிழவி, எங்கள் ஊரில் அமுக்குவான்.

விரல் தளர்ந்தால் சுவிட்ச் தடுமாறும் என்பதற்கு ஒரு மருந்துச் சான்றும் உண்டு. ஓரெக்ஸினைத் தடுத்துத் தூக்கம் வரவழைக்கும் சுவோரெக்ஸன்ட் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா 2014இல் அனுமதி கொடுத்தது. அதன் எச்சரிக்கைக் குறிப்பிலேயே அமுக்குவான் இருக்கிறார்: தூங்கும்போதோ விழிக்கும்போதோ உடல் அசையாமல் போகலாம், இல்லாதது தெரியலாம் என்று. விரலைச் சற்றே தளர்த்தினால் பேய் வரும் என்று மருந்துப் பெட்டியே சொல்கிறது.

எப்போதாவது வருகிற அமுக்கலுக்கு மருத்துவம் தேவையில்லை. இரவில் ஒரே நேரத்துக்குப் படுங்கள். தேர்வுக்கு முந்தைய இரவையாவது விற்றுவிடாதீர்கள். ஒருக்களித்துப் படுங்கள், அப்பத்தா சொன்னபடி. வந்துவிட்டால் முழு உடம்போடு மல்லுக்கு நிற்க வேண்டாம். மூச்சை அதன் போக்கில் விட்டுவிட்டு, கண்ணையோ ஒரு கால்விரலையோ மட்டும் அசைக்கப் பாருங்கள். அடிக்கடி வந்தாலோ, பகலில் அடக்க முடியாத தூக்கமும் சிரித்தால் கால் துவள்வதும் சேர்ந்திருந்தாலோ, பூசாரிக்கு முன்னால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொரு சங்கதி, உங்களுக்கல்ல, ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கு. பூட்டு திறக்கத் தாமதிப்பது உங்கள் கதை. பூட்டே விழாமல் போவது வேறு கதை. ஜூவேயின் பூனைகளைப்போலவே கனவில் நடப்பதைக் கையும் காலுமாக நடத்திக்காட்டும் மனிதர்களை, மின்னியாபொலிஸில் ஷெங்க், மாஹோவால்ட் என்ற மருத்துவர்கள் 1986இல் விவரித்தார்கள். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள். கனவில் யாரோ துரத்த, பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்கு அடி விழுகிறது. இப்படிப்பட்ட 1,280 பேரைப் பல நாட்டு மருத்துவமனைகளில் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வில், 12 ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குப் பார்க்கின்சன் அல்லது அதைச் சேர்ந்த நோய் வந்திருந்தது. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளாலும் இதே தொல்லை வரலாம் என்பதால் உடனே பயந்துவிட வேண்டாம். ஆனால் தாத்தா தூக்கத்தில் உதைக்கிறார், திட்டுகிறார் என்பதைக் குடும்ப நகைச்சுவையாக மட்டும் வைத்திருக்காதீர்கள். பாட்டியின் கையில் தெரியும் கன்றலையும் கேட்டுப் பாருங்கள்; அவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அமுக்கலில் கிடப்பவரை வெளியிலிருந்து யாராவது தொட்டால் பெரும்பாலும் பூட்டு உடனே விட்டுவிடும். அறை நண்பர் மல்லாக்கக் கிடந்து, கண் பாதி திறந்திருக்க, மூச்சு வேகமாக ஓட, தொண்டைக்குள் முனகல்போல ஏதோ கேட்டால், கனவு காண்கிறார் என்று விட்டுவிடாதீர்கள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, தோளைத் தொட்டுப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவர் உங்களை அதற்கு முன்பே கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.

அன்புடன்,
உங்களுக்கு முன்பு அதே மாதிரி ஒரு கட்டிலில் கிடந்தவன்